அக்கா பரிசு வாங்கிய நாள்

நம் வாட்ஸ்அப் புலனக் குழுவில் இந்த மாதம் முழுக்கப் பட்டமளிப்பு விழாதான். பேரன் பாலர் பள்ளியை முடித்துவிட்டான் என்று கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டுப் படம் அனுப்புகிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளை, தொப்பி கண்ணை மறைக்கிறது, கையில் அவன் உயரத்தில் பாதி இருக்கும் கோப்பை. எதற்கு என்று கேட்டால், மிச்சம் வைக்காமல் சாப்பிடும் மாணவர் விருதாம். சரி, சந்தோஷம். நானும் கைதட்டுகிற படத்தை அனுப்பி வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். உங்களில் ஒருவர், "உங்க வீட்டுல பரிசு வாங்கின ஆளே இல்லையா, சத்தத்தையே காணோம்" என்று சீண்டினீர்கள்.

இருந்தாள். எங்கள் அக்கா. போன மாதம் தவறிப்போனாள். அவள் இருந்தவரை இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. இப்போது சொல்கிறேன்.

எங்களுடையது பண்டார் தெங்காராவைத் தாண்டி உள்ளே போகும் செம்பனைத் தோட்டம். உங்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், ரப்பர்ப் பால் நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பீர்கள். எங்களுக்கு ஆலை நாற்றம். பழக்குலையை வேகவைக்கும்போது வரும் புளித்த வாடை சோற்றிலும் தலையணையிலும் ஏறியிருக்கும். அப்பாவுக்கு அந்த ஆலையில் பாய்லர் வேலை. சக்கையை அள்ளி நெருப்பில் போட்டுப் போட்டு முன்கை ரோமமெல்லாம் கருகி, கை வழுவழுவென்று இருக்கும். நான் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். அம்மா உரம் போடுகிற வேலைக்குப் போவாள். லயத்தில் வேதக்காரக் குடும்பம் நாங்களும் இன்னும் மூன்று வீடும்தான். சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். கோத்தா திங்கியில் மலாய் இடைநிலைப்பள்ளி விடுதியில் தங்கி ஐந்தாம் படிவம் படித்தாள். எங்கள் தோட்டத்தில் மூன்றாம் படிவத்தைத் தாண்டிய பெண் அவள் ஒருத்திதான். மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் சிமெந்துத் தரையில் சாக்கட்டியால் கணக்குப் போடுவாள். கணக்கு அடுப்படி வரைக்கும் போகும். அம்மா அதைச் சுற்றிக்கொண்டுதான் கூட்டவேண்டும். "அழிச்சிடாத, அது என்னமோ முக்கியம்" என்று அப்பா காவல் இருப்பார். அவருக்கு அதில் ஒரு வரி புரியாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத மனிதர், சம்பளப் புத்தகத்தில் பெருவிரலைத்தான் உருட்டுவார்.

அந்த வருட மழை தொடங்கிய வாரத்தில் அக்காவின் பள்ளியிலிருந்து அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். மலாயில் இருந்தால் ஆபீஸ் எழுத்தரான கிராணி பிரித்துப் படித்துச் சொல்வார். சொல்வதோடு நிறுத்தமாட்டார். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்கே சேதி போய்விடும். வயசுப் பெண்ணை விடுதியில் விட்டுவைத்திருக்கிறான் என்று ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அப்பா, "வேணாங்க கிராணி, வீட்டுல புள்ள படிக்கும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளை நான். பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. மலாயில் எனக்கு நல்ல மார்க், அதைவிட நல்ல வாய். அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து, கடிதத்தை மேசையில் வைத்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் நகர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனுஷியாகிவிட்டேன் அல்லவா.

அரைப் பக்கக் கடிதம். பாதிச் சொற்கள் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இபு பாபா தெரிந்தது, அம்மா அப்பா. ஹாடிர் தெரிந்தது, வரவேண்டும். ஒரு தேதி இருந்தது. 'அனுகெரா' என்று ஒரு சொல், தெரியவில்லை, தாண்டிவிட்டேன். அடுத்த வரியில் கொட்டை எழுத்தில் 'சிஜில் பெர்ஹெந்தி செக்கோலா' என்றிருந்தது. செக்கோலா என்றால் பள்ளிக்கூடம். பெர்ஹெந்தி எனக்குத் தெரியாத சொல்லா? எங்கள் மண்பாதை பெரிய சடக்கில் ஏறுமிடத்தில் சிவப்புப் பலகையில் அந்த ஒரு சொல்தான் இருக்கும். லோரி அதைப் பார்த்துத்தான் நிற்கும். அது மட்டுமா? அதற்கு முந்தின வருடம் அப்பாவோடு பாய்லரில் வேலை செய்த பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஆலையில் சூராட் பெர்ஹெந்தி கொடுத்தார்கள். வேலையை விட்டு நீக்கும் கடிதம். ஒரே வாரத்தில் வீட்டைக் காலிசெய்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு லோரியில் ஏறிப்போனார்.

"அப்பா, அக்காவ ஸ்கூல விட்டு நிறுத்திட்டாங்கப்பா."

"என்ன பாப்பா சொல்ற? நல்லா பாரு."

"பெர்ஹெந்தி செக்கோலான்னு பெருசா போட்டிருக்குப்பா. ஒங்கள வர சொல்றாங்க. பெங்கெத்துவா, பெரிய வாத்தியாரு, சைன் வச்சிருக்காரு."

படித்து முடித்துப் பள்ளியை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் சான்றிதழுக்குத்தான் அந்தப் பெயர். இது உங்களுக்கு இப்போது தெரியும். எனக்கும் பின்னால் தெரிந்தது. அந்த மேசையில் மூன்று பேருக்கும் தெரியாது.

அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு மாசமா வீட்டுப் பக்கம் வரல. கிளாஸ் இருக்குன்னா. நான் அப்பவே சொன்னேன், நீங்க கேட்டீங்களா? யாரு கூட சுத்துறாளோ!"

அப்பா கடிதத்தை எடுத்து நான்காக மடித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "எம்புள்ள தப்பு செஞ்சிருக்காது. யாரோ கோள் சொல்லியிருக்காங்க. நான் போயி கேக்குறேன். கால்ல விழுந்தாவது கேக்குறேன். பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு, இப்ப நிறுத்துனா அது பொழப்பே போயிரும்."

அவர் சொன்ன இந்த வார்த்தையை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் அக்காவிடம் சொல்ல நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட வார்த்தை இது.

கடிதத்தில் இருந்த நாளன்று அப்பா லீவு போட்டார். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போடும் வெள்ளை முழுக்கைச் சட்டையை அம்மா தேய்த்து வைத்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை. "கெஞ்சப் போறவன் மாப்பிள்ள மாதிரி போவானா?" என்று, துவைத்த பாய்லர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். எவ்வளவு துவைத்தாலும் அதில் எண்ணெய்க் கறை போகாது. பெரிய ஆளைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று, முட்டையிடுகிற பெட்டைக் கோழி ஒன்றைக் கால் கட்டி, சீனிச் சாக்கில் போட்டுத் தலை மட்டும் வெளியே தெரிய எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டார். "அவங்க என்னா சொல்றாங்கன்னு நீதான் எனக்குச் சொல்லணும் பாப்பா."

பஸ்ஸில் வழியெல்லாம் அப்பா பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்தது ஆலையில் பேசும் பாசார் மலாய். "மாஆஃப் துவான், அனாக் சாயா தாடா சாலா. ஜாங்கான் காசி பெர்ஹெந்தி." மன்னிக்கணும் ஐயா, என் பிள்ளை மேல் தப்பில்லை, நிறுத்திவிடாதீர்கள். "சரியா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். நானும் வாத்தியார் மாதிரி, "துவான்னு ரெண்டு வாட்டி சொல்லுங்கப்பா" என்றேன். கோழி நடுவில் நடுவில் கொக்கரித்தது. மழைத் தண்ணீர் சடக்கில் ஏறி, பஸ் அரை மணி நேரம் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்து வாசலில் காவல் இருந்த ஜாகா கோழியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். கோழியோடு உள்ளே போகக்கூடாது என்று தன் குடிசையில் கட்டிப்போட்டுக்கொண்டு, "எல்லாரும் அங்க" என்று மண்டபத்தைக் காட்டினார். நாங்கள் ஓடினோம். எங்களுக்கு அகப்பட்டது மேடைக்குப் பக்கத்து வாசல். உள்ளே பாத்திக், பட்டு, கோட்டு, அத்தர் வாசனை. இவ்வளவு கூட்டம் எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நம்மவர் பெயரை மேடையில் எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெயர், அப்புறம் 'அனாக் பெரெம்புவான்', அதாவது மகள், அப்புறம் அப்பன் பெயர். அப்பா காதில் விழுந்தது அந்தக் கடைசிப் பெயர்தான். தன் பெயர், அவ்வளவு பெரிய சத்தத்தில். "என்னத்தான் கூப்புடுறாங்க" என்று என் கையை விட்டுவிட்டு மேடைப் படியில் ஏறிவிட்டார்.

மேடையில் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் கையில் வெள்ளிக் கோப்பையோடு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, ரெட்டைச் சடை. இந்தப் பக்கத்திலிருந்து அப்பா. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. நேரே போய் அந்தப் பெரிய மனிதர் முன்னால் குனிந்து, கையைக் கூப்பி, வழியெல்லாம் ஒப்பித்ததைச் சொன்னார். மாஆஃப் துவான். மாஆஃப் துவான். அனாக் சாயா தாடா சாலா. ஜாங்கான் காசி பெர்ஹெந்தி.

ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

தலையில் துணி கட்டிய ஓர் ஆசிரியை அக்காவிடம் வந்து, "சியாப்பா இனி?" என்று கேட்டார். யார் இது? கோபமாகக் கேட்கவில்லை. பதறிப்போய்த்தான் கேட்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். காக்கிச் சட்டையை, கறையை, கூப்பிய கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஓராங் லாடாங், சிக்கு."

எங்கள் தோட்டத்து ஆள், டீச்சர்.

அவ்வளவுதான். மொழிபெயர்க்கக் கூட்டிவந்த நான் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். ஏறிப்போய் அது எங்கள் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு வாயாடி, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அக்காவைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அப்பா தானே திரும்பி, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். பின்னால் கைதட்டல் கேட்டது. அக்கா கோப்பையை வாங்கிவிட்டாள் போலிருக்கிறது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜாகா கோழியைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் நிறுத்தத்தில் மழை. அப்பா சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கப்பு யாருக்கு பாப்பா?"

"அக்காவுக்குத்தாம்பா. பரிசு குடுத்தாங்கப்பா. நிறுத்தலப்பா." எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. தேம்பித் தேம்பி அழுதேன்.

"பரிசா?" என்றார். கோழித் தலையில் விழுந்த மழைத்துளியைத் துடைத்துவிட்டு, "அப்ப நல்லதுதானே. அழுவாத" என்றார். பிறகு, "அக்கா டீச்சர்கிட்ட சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "எனக்கும் கேட்டுச்சு. அம்மாகிட்ட சொல்லாத. சின்னப் புள்ள, அத்தன பேரு முன்னால என்னா செய்யும் அது."

பதினேழு வயது அக்காவைத்தான் அவர் சின்னப் பிள்ளை என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் தப்பாகப் படித்தேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வீட்டில் அம்மாவிடம், "பஸ்ஸு லேட்டு, உள்ள விடல. ஆனா நிறுத்தல, பரிசு குடுக்கத்தான் கூப்புட்டாங்களாம். நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்று முடித்துவிட்டார். பரீட்சை முடிந்து அக்கா பெட்டியோடு வந்தபோது அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ உள்ள விடலயாமே, கொடுத்து வைக்கல அவருக்கு" என்று புலம்பினாள். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ஆமா, பஸ்ஸு லேட்டு" என்றார். அக்கா பின்கட்டுக்குப் போய்க் குளிக்க ஆரம்பித்தவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எதுவரைக்கும் தெரிந்து காப்பாற்றுகிறார் என்றுதான் தெரியவில்லை.

கோப்பையை அம்மா மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். லயத்தில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். கிராணிகூட வந்தார். பரிசோடு கொடுத்த தடிமனான அகராதியை அக்கா பிரிக்கவே இல்லை. மினுமினுப்புத் தாளோடு அலமாரி மேல் கிடந்தது. அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபிறகு நான்தான் பிரித்தேன். முதலில் பெர்ஹெந்தியைத் தேடினேன். நிற்பது என்றும் இருந்தது, முடிந்து விலகுவது என்றும் இருந்தது. பிறகு அனுகெரா. பரிசு, அருள்கொடை என்றிருந்தது. அதை மெதுவாகப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, அது நம்முடைய அனுக்கிரகம். சாமியார் ஒவ்வொரு பூசையிலும் சொல்லுகிற சொல், நானே முழங்காலில் நின்று சொன்ன சொல். கடிதத்தில் கண்ணுக்கு நேரே இருந்தது, நான் தாண்டிப் போயிருக்கிறேன். அகராதியை மூடி வைத்துவிட்டு அழுதேன். அந்த அகராதி, கோப்பை, மாதா படம் எல்லாம் தோட்டத்தை விட்டு வந்தபோது எங்கே போனதோ தெரியவில்லை. கோழி மட்டும் நிறைய நாள் இருந்தது. அப்பா அதை அறுக்க விடவில்லை.

அக்கா மெர்சிங்கில் ஆசிரியையாகி அங்கேயே வீடு கட்டிக்கொண்டாள். முப்பது வருடம் பரிசளிப்பு விழா என்றால் அவள்தான் முன்னால் நிற்பாள். தோட்டத்துப் பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் தன் கையால் தமிழில் நாலு வரி எழுதிச் சேர்ப்பாள். அவர்களைத் தானே கைபிடித்துக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்கார வைப்பாள். எல்லோரும் நல்ல டீச்சர் என்றார்கள். அப்பாவை வீட்டோடு வைத்துக் கடைசிவரை பார்த்தாள். வேலைக்காரியை விடாமல் தானே குளிப்பாட்டுவாள். ஆனால் இரண்டு பேரும் ஒரு அறையில் உட்கார்ந்து சும்மா பேசி நான் பார்த்ததில்லை. ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் அவ்வளவு மரியாதை எதற்கு?

அப்பா போய்ப் பல வருடம் கழித்து, போன வருடம் மெர்சிங்குக்குப் போயிருந்தேன். காலையில் படகுத்துறையில் வாங்கிய மீனை இரண்டு பேரும் அடுப்படியில் ஆய்ந்துகொண்டிருந்தோம். இனியும் வைத்துக்கொண்டு சாக முடியாது என்று நான் கடிதக் கதையைச் சொன்னேன். நான்தான் தப்பாகப் படித்தேன் என்று சொன்னேன். அப்பா அவளைச் சந்தேகப்படவே இல்லை, எம்புள்ள தப்பு செஞ்சிருக்காது என்று அந்த மேசையிலேயே சொன்னார் என்று சொன்னேன்.

அக்கா செதிலைச் சுரண்டிக்கொண்டே, "நீதான் படிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும் பாப்பா. அப்பாவுக்கு ஏது ரூமி எழுத்து?" என்றாள். அப்புறம், "அப்படியா சொன்னாரு? எம்புள்ளன்னு சொன்னாரா?" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு நான் டீச்சர்கிட்ட சொன்னது அப்பாவுக்குக் கேட்டுச்சா? நீ பக்கத்துலதானே நின்ன. அவரு சாகக் கெடந்தப்பகூட கேக்கணும்னு நெனச்சேன். வாய் வரல."

அறுபது வயது தாண்டிய பெண். மீன் நாற்றமடிக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்தாள்.

"எங்கக்கா கேட்டுச்சு? சனங்க சிரிச்ச சிரிப்புல எனக்கே ஒண்ணும் காதுல விழல. பஸ் ஸ்டாப்புல அப்பா என்கிட்ட கேட்டாரு, அக்கா டீச்சர்கிட்ட என்னமோ சொல்லுச்சே, என்னா சொல்லுச்சுன்னு. எனக்குத் தெரியலப்பான்னேன். ஆமா, நீ என்னாதான் சொன்ன?"

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல. என்னமோ சொன்னேன்" என்றாள். எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். என்னிடம் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள், சின்ன வயதில் தரையில் போட்ட கணக்குக்கு அவர் காவல் இருந்ததை எல்லாம். அவள் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் போன் போட்டு அப்பாவைப் பற்றித்தான் பேசினாள்.

மாதா பெயரில் பொய்ச் சத்தியம் செய்வது சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மருமகளோடு போட்ட சண்டை, பூசைக்குப் போகாத ஞாயிறு எல்லாம் சொன்னேன். "வேறு ஏதாவது உண்டா அம்மா?" என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். செய்ததற்கு மனஸ்தாபப்பட்டால்தான் மன்னிப்பு. எனக்கு அதில் மனஸ்தாபம் இல்லை.